குணமாகாதவர்கள் எங்கே போனார்கள்?

முதுகில் தொடங்கும் வலி விலாவைச் சுற்றி அடிவயிற்றுக்கு இறங்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சிறுநீர்க்குழாயில் 4 மில்லிமீட்டர் கல். மருத்துவர் வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, "நிறையத் தண்ணி குடிங்க, ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாருங்க" என்று அனுப்பிவிடுகிறார். வீடு திரும்பியவர் கைப்பேசியை எடுத்து 'கிட்னி ஸ்டோன்' என்று தேடுகிறார். சிரித்த முகத்தோடு ஒருவர் திரையில் வந்து உட்கார்கிறார். வாழைத்தண்டுச் சாறு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், பதினைந்து நாள். காணொளிக்குக் கீழே வரிசையாக நன்றிகள்: "பத்தே நாள்ல கல்லு வெளிய வந்துடுச்சு அண்ணா", "உங்களால எங்க அப்பா ஆபரேஷன்ல இருந்து தப்பிச்சாரு". மறுநாள் காலை அந்த வீட்டு மிக்சியில் வாழைத்தண்டு அரைபடுகிறது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒருவர் மருத்துவம் படித்தவர், ஸ்கேனைப் பார்த்தவர், கல்லின் அளவைச் சொன்னவர். இன்னொருவர் கல்லையும் பார்க்கவில்லை, நோயாளியையும் பார்க்கவில்லை. நம்பிக்கை ஏன் இரண்டாமவர் பக்கம் சாய்கிறது?

அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது உண்மையில்லை. இந்தக் காணொளிகளைப் பார்க்கிறவர்களில் பொறியாளர்களும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இருக்கிறார்கள். ஒருவரை நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நாம் எல்லோருமே காலங்காலமாகச் சில அடையாளங்களை வைத்திருக்கிறோம். முகம் கொடுத்துப் பேசுகிறாரா, தடுமாறாமல் பேசுகிறாரா, நாலு பேர் அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிறார்களா என்று பார்க்கிறோம். ஊருக்குள் ஒரு வைத்தியரைத் தேர்ந்தெடுக்க அவை பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. காணொளியிலும் அந்த அடையாளங்கள் அத்தனையும் இருக்கின்றன. இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது என்னவென்று தெரிந்துகொள்ள, அந்த 4 மில்லிமீட்டர் கல்லைப் பின்தொடர்ந்து போவோம்.

இரண்டு நிமிடம், இருபது நிமிடம்

முதலில் மருத்துவமனைப் பக்கத்தைப் பார்த்துவிடலாம். ஒரு நோயாளியோடு மருத்துவர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. ஸ்வீடனில் சராசரியாக 22 நிமிடத்துக்கும் மேல். வங்காள தேசத்தில் 48 நொடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் காத்திருந்தவருக்கு அந்த இரண்டு நிமிடத்தில் கிடைப்பது ஒரு சீட்டு. கல் ஏன் வந்தது, எப்படிப் போகும், போகாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகளோடுதான் அவர் வெளியே வருகிறார்.

காணொளிக்காரர் இருபது நிமிடம் பேசுகிறார். கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். "வணக்கம் சொந்தங்களே" என்று தொடங்குகிறார். கல் எப்படி உருவாகிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார். மருத்துவர் தராத விளக்கத்தை இவர் தருகிறார். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளியின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையை மருத்துவ அமைப்பு கைவிட்ட இடத்தில்தான் காணொளி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த நெருக்கத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்து ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆகிறது. தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் புதிதாக நுழைந்த காலத்தில், 1956இல், டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவைப் பார்த்துப் பேசும்போது, பார்ப்பவர் அவரைத் தனக்குத் தெரிந்தவராகவே உணரத் தொடங்குகிறார். அவருடைய குரலும் பழக்கங்களும் பழகிவிடுகின்றன. அவருக்கோ இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. இதை ஒருவழி உறவு என்று சொல்லலாம். உறவு ஒருவழி என்றாலும் அதில் பிறக்கும் நம்பிக்கை முழுமையானது. தெரிந்தவர் சொன்னால் நம்புவோம். இவர் தெரிந்தவர் ஆகிவிட்டார்.

டாக்டர் ஃபாக்ஸ் பேசினார்

அடுத்த அடையாளம், தடுமாறாத பேச்சு. அது எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுபோகும் என்பதற்கு மருத்துவக் கல்வி வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1970இல், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் ஒரு கூட்டத்தில் 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்பவரைப் பேச வைத்தார்கள். மருத்துவர்களின் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டைப் பயன்படுத்துவது பற்றிய உரை. கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணி கற்பிப்பவர்கள். பேசியவரோ மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகர். அந்தத் துறை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகவும், பொருளில்லாத புதுச் சொற்களைப் போட்டும், இடையிடையே சிரிக்க வைத்தும் பேச அவருக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். உரை முடிந்து கேள்விகளுக்கும் அவர் பதில் சொன்னார். பிறகு அந்த உரையின் ஒளிப்பதிவை வேறு இரண்டு குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மூன்று குழுக்களிலும் சேர்த்து 55 பேர். பெரும்பாலோர் நல்ல உரை, சிந்திக்கத் தூண்டியது என்று எழுதிக்கொடுத்தார்கள். அவர் நிபுணர் இல்லை என்பதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. 1973இல் இந்த ஆய்வு வெளியானது.

இரண்டு செய்திகளை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஏமாந்தவர்கள் படித்தவர்கள், அதுவும் மனித மனத்தைப் படித்தவர்கள். நேரில் கேட்டவர்களைப் போலவே ஒளிப்பதிவில் பார்த்தவர்களும் ஏமாந்தார்கள். பேச்சில் இருக்கும் தெளிவும் உறுதியும் பேசுபவருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அடையாளம் போலத் தோன்றும். உண்மையில் அவை பேசத் தெரியும் என்பதற்கு மட்டுமே அடையாளம். சொல்லப்போனால் விஷயம் தெரிந்தவர்தான் தயங்குவார். "கல்லோட அளவைப் பொறுத்தது", "எந்த இடத்துல இருக்குன்னு பார்க்கணும்" என்று இழுப்பார். திரையில் அந்தத் தயக்கம் எடுபடுவதில்லை.

மறதியும் இதில் சேர்கிறது. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லண்டும் வால்டர் வைஸும் ஒரே கட்டுரையை இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் நம்பத்தக்க ஒருவர் எழுதியது என்றும், இன்னொன்றிடம் நம்பத்தகாத ஒருவர் எழுதியது என்றும் சொன்னார்கள். ஒவ்வாமைக்கான மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று. படித்தவுடன் கேட்டபோது, நம்பத்தக்கவர் எழுதியது என்று நினைத்தவர்களே அதிகம் மனம் மாறியிருந்தார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. செய்தி மனத்தில் தங்கிவிட்டது. அதைச் சொன்னவர் அதிலிருந்து கழன்றுவிட்டார். 1977இல் வேறு ஆய்வாளர்கள், இரண்டு வார இடைவெளியில் ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு அது மேலும் மேலும் உண்மையாகத் தோன்றுவதைக் கண்டார்கள். வாழைத்தண்டு பற்றி ஒரு காணொளி பார்த்தால் அடுத்த நாள் இன்னும் நான்கு வந்து நிற்கின்றன. ஐந்தாவதைப் பார்க்கும்போது அது யாரோ சொன்ன கருத்து இல்லை. எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

ஆயிரம் கற்கள்

இனி மூன்றாவது அடையாளம், நாலு பேர் சொல்வது. இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். எனவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சிறுநீர்க்குழாயில் இறங்கிவிட்ட, 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அவற்றில் 100க்கு ஏறத்தாழ 68 கற்கள் எந்தச் சிறப்பு மருந்தும் இல்லாமல் தாமாகவே வெளியேறிவிடுகின்றன, பெரும்பாலும் சில வாரங்களுக்குள். "தண்ணி குடிங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அந்த மருத்துவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. காரணத்தை விளக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இப்படிப்பட்ட சிறிய கல் உள்ள 1,000 பேர் அந்தக் காணொளியைப் பார்த்து வாழைத்தண்டுச் சாறு குடித்ததாக வைத்துக்கொள்வோம். அந்தச் சாற்றுக்குக் கல்லை வெளியேற்றும் சக்தி துளியும் இல்லை என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? 680 பேருக்குக் கல் வெளியேறும். அவர்கள் அத்தனை பேரும் சாறு குடித்தவர்கள். குடித்தார்கள், போயிற்று. சாற்றால்தான் போயிற்று என்று அவர்கள் நினைப்பது முற்றிலும் இயல்பு. அவர்களில் பத்தில் ஒருவர் நன்றி சொல்லத் திரும்பி வருகிறார் என்று கொண்டால் 68 நன்றிகள்.

மீதி 320 பேர்? நள்ளிரவில் வலி தாங்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் அவர்கள். லேசர் சிகிச்சை செய்துகொண்டு, குழாய் வைத்துக்கொண்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு படுத்திருப்பவர்கள். அவர்களில் யாருக்கு அந்தக் காணொளியைத் தேடிப்பிடித்து "எனக்குப் போகவில்லை" என்று எழுதத் தோன்றும்? ஐம்பதில் ஒருவர் எழுதுகிறார் என்றாலும் ஆறு பேர்தான். அந்த ஆறு பேருக்கும் கீழே, "நீங்க ஒழுங்கா குடிச்சிருக்க மாட்டீங்க" என்று யாராவது பதில் எழுதியிருப்பார்கள்.

ஆக, கருத்துப் பகுதியில் 68 வெற்றிகள், 6 தோல்விகள். 100க்கு 92 பேருக்குக் குணம்! ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. பணம் கொடுத்து யாரும் எழுதவைக்கவில்லை. ஆனாலும் மொத்தத்தில் அது பொய். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப் புத்தகம் எப்படிக் கடைக்காரரை ஏமாற்றுமோ, அப்படி. கவனியுங்கள், அது பார்ப்பவரை மட்டும் ஏமாற்றவில்லை. காணொளிக்காரரையும் ஏமாற்றுகிறது. ஒவ்வொரு நாளும் நன்றிகளைப் படிக்கும் அவர், தன் மருந்து வேலை செய்கிறது என்று மனமார நம்புகிறார். அந்த நம்பிக்கை அவர் முகத்தில் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்து நாம் நம்புகிறோம்.

எண்களை மாற்றிப் பார்க்கலாம். பத்தில் ஒருவருக்குப் பதில் இருபதில் ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் படம் பெரிதாக மாறாது. சாற்றுக்குப் பதில் வெறும் வயிற்றில் மோர் என்று மாற்றினால்? அப்போதும் 680 பேருக்குப் போகும், 68 நன்றிகள் வரும். ஆக, நன்றிகளின் எண்ணிக்கை வாழைத்தண்டைப் பற்றி நமக்கு எதையும் சொல்லவில்லை. அது சிறுநீர்க்குழாயின் இயல்பைத்தான் சொல்கிறது.

உண்மையில் வாழைத்தண்டின் நிலை என்ன? எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் அது கல்லைக் கரைக்கும் என்று நிரூபணமாகவில்லை. மிக அதிகம் பேருக்கு வரும் கால்சியம் ஆக்சலேட் கல் வாய்வழி குடிக்கும் எதனாலும் கரைவதில்லை. யூரிக் அமிலக் கல்லை மட்டும் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் கரைக்க முடிகிறது. தண்டைப் பொரியலாகச் சாப்பிடுவதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்த சாறுகள் ஆபத்தானவை. காணொளியில் இதைச் சொல்பவர்கள் மிகச் சிலர். இதைவிட முக்கியமான ஒன்று: வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று பொருளில்லை. கல் குழாயை அடைத்தபடியே இருக்க, வலி மட்டும் அடங்கிப்போவது உண்டு. உள்ளே சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். அடைப்போடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

மருத்துவர்களும் நம்பினார்கள்

இதைப் படித்துவிட்டு, இது நாட்டு வைத்தியத்தின் மீதான தாக்குதல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே கல், இதே பொறி, ஆங்கில மருத்துவத்திலும் இருந்தது.

டாம்சுலோசின் என்று ஒரு மாத்திரை. புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தருவது. சிறுநீர்க்குழாயின் தசையை அது தளர்த்துவதால், கல் எளிதாக இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். சிறிய ஆய்வுகள் பல நடந்தன. 2006இல் ஒன்பது ஆய்வுகளை, 693 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, இத்தகைய தசை தளர்த்தும் மருந்துகளால் கல் வெளியேறும் வாய்ப்பு 65 விழுக்காடு கூடுவதாகத் தெரிந்தது. உலகெங்கும் சிறுநீரகத் துறை மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். கல் போயிற்று. நோயாளிகள் நன்றி சொன்னார்கள்.

பிரிட்டனில் ராபர்ட் பிக்கார்ட் தலைமையில் ஒரு குழு இதைப் பெரிய அளவில் சோதித்தது. 24 மருத்துவமனைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், எல்லோருக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஒரு கல். அவர்களை மூன்று குழுக்களாக, சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டாம்சுலோசின், இன்னொன்றுக்கு நிஃபெடிபின், மூன்றாவதற்குப் பார்க்க அதே போலிருக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை. இந்த மூன்றாவதுதான் ஒப்பீட்டுக் குழு: மருந்து இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை நமக்குக் காட்டும் குழு. யார் எதைச் சாப்பிடுகிறார் என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

2015இல் முடிவு வந்தது. நான்கு வாரத்துக்குள் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் டாம்சுலோசின் குழுவில் 100க்கு 81 பேர். நிஃபெடிபின் குழுவில் 80 பேர். வெற்று மாத்திரைக் குழுவிலும் 80 பேர்.

எவ்வளவு மருத்துவர்கள், எவ்வளவு ஆண்டு அனுபவம்! அத்தனை பேரும் கண்ணால் கண்ட வெற்றிகளில் பெரும்பகுதி, எப்படியும் நடந்திருக்கக் கூடியவை. 5 மில்லிமீட்டரைவிடப் பெரிய, குழாயின் அடிப்பகுதியில் நிற்கும் கற்களுக்கு மட்டும் அந்த மருந்தால் பயன் உண்டு என்ற வாதம் இன்றும் இருக்கிறது. அதையும் எண்ணித்தான் தீர்க்கிறார்கள். அறிவியலின் மேன்மை, மருத்துவர்கள் ஏமாற மாட்டார்கள் என்பதில் இல்லை. ஏமாந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழியை வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

தோல்வி வந்து கதவைத் தட்டும் இடம்

டேனியல் கானமன் நிபுணர்களின் தவறுகளை ஆராய்ந்தவர். கேரி கிளைன் தீயணைப்புப் படைத் தலைவர்களைப் போன்றவர்களின் திறமையை வியந்து ஆராய்ந்தவர். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இந்த இருவரும் பல ஆண்டுகள் விவாதித்து, 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அனுபவம் எப்போது நிபுணத்துவமாக மாறும் என்பது கேள்வி. இருவரும் ஒப்புக்கொண்ட பதில் இது: அந்தத் தொழிலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று செய்தவருக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தன் முடிவின் விளைவு அடுத்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் கருத்து எழுதும் மருத்துவருக்கு, தான் சொன்னது சரியாக இருந்ததா என்று பெரும்பாலும் தெரியாமலே போகிறது. ஆண்டுகள் ஒன்றாக இருந்தாலும் முன்னவருடைய உள்ளுணர்வு கூர்மையாகும் வாய்ப்பு அதிகம்.

ஊர் வைத்தியரையோ தெருமுனை டாக்டரையோ நினைத்துப் பாருங்கள். அவர் கொடுத்த மருந்து கேட்கவில்லை என்றால் மூன்றாம் நாள் அந்த நோயாளியே வந்து நிற்கிறார். வராவிட்டாலும் அவருடைய அண்ணன் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று மறுநாள் செய்தி வருகிறது. தோல்வி அவரைத் தேடி வந்து கற்றுக்கொடுக்கிறது. ஊராருக்கும் அது தெரிந்துவிடுகிறது. ஆகவேதான் "நாலு பேர் நல்லவிதமாகச் சொல்கிறார்கள்" என்பதற்கு அங்கே மதிப்பு இருந்தது. கெட்ட பேரும் அதே வழியில் வந்து சேரும்.

காணொளியில் அறுந்துபோன ஒன்று இதுதான். முகமும் குரலும் நாலு பேரின் புகழ்ச்சியும் வந்துவிட்டன. தோல்வி திரும்பி வரும் பாதை வரவில்லை. மதுரையில் பேசுபவருக்கு, சார்ஜாவில் தங்கும் விடுதியில் சாறு குடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கும் தொழிலாளியைத் தெரியாது.

பேசுபவருக்குத் தெரியாதது தளத்துக்காவது தெரியுமா? 2012இல் யூடியூப், காணொளிகளைப் பரிந்துரைக்கும் முறையை மாற்றியது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு எடை கூடியது. "கடைசி வரைக்கும் ஸ்கிப் பண்ணாம பாருங்க" என்ற வேண்டுகோளின் பின்னணி இது. மக்கள் யூடியூபில் செலவிடும் நேரத்தில் 100க்கு 70க்கும் மேற்பட்ட பங்கு தளத்தின் பரிந்துரைகளால் வருவது என்று அந்நிறுவனத்தின் நீல் மோகன் 2018இல் சொன்னார். எந்த நொடியில் பார்வையாளர் விலகினார், எங்கே திரும்பிப் பார்த்தார், யாருக்குப் பகிர்ந்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. யாருடைய கல் வெளியேறியது என்பது இல்லை.

பட்டம் ஒரு பாதிதான்

இதற்கு இன்று முன்வைக்கப்படும் தீர்வு, பேசுபவர் யார் என்று காட்டுவது. அமெரிக்காவில் 2021 முதல் நம்பத்தக்க மருத்துவ நிறுவனங்களின் காணொளிகளுக்கு யூடியூப் அடையாளக் குறிப்பு போடுகிறது. 2022இல் உரிமம் பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றது. இந்தியாவில் 2023 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் பற்றிப் பேசும் மருத்துவர்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பிரபலங்கள் தங்கள் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒருவர் பதிவுபெற்ற மருத்துவரா என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளப் பதிவேட்டில் பெயரைப் போட்டு யாரும் பார்க்கலாம். இவையெல்லாம் நல்லவை. டாக்டர் ஃபாக்ஸைப் போன்றவர்களை இவை வாசலிலேயே நிறுத்தும்.

ஆனால் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டை நிறுத்தியிருக்குமா? 1998இல் லான்செட் இதழில், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்துக் கட்டுரை எழுதியவர் உரிமம் பெற்ற மருத்துவர். 2010இல்தான் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் தடுப்பூசி பற்றிய அச்சம் உலகம் சுற்றிவிட்டது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளால் பெற்றோர் பலர் பள்ளிகளில் ஊசி போட மறுத்தார்கள். அரசு காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது.

பட்டம் ஒருவர் என்ன படித்தார் என்பதற்குச் சான்று. இந்தக் காணொளியில் அவர் சொல்வது சரி என்பதற்குச் சான்று அல்ல. எலும்பு மருத்துவர் சர்க்கரை நோய்க்கு உணவு முறை சொல்லும்போது அவருடைய பட்டம் கூடவே வருகிறது. எலும்பில் அவர் கண்ட தோல்விகள் தந்த பாடம் கூட வருவதில்லை.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட நடத்தை விதிகளில் இந்த இடத்தைச் சரியாகத் தொட்ட ஒரு விதி இருந்தது. நோயாளிகளின் பாராட்டுகளைக் கேட்டு வாங்குவதோ சமூக ஊடகத்தில் பகிர்வதோ கூடாது. லைக்குகளையும் பின்தொடர்பவர்களையும் விலைக்கு வாங்கக் கூடாது. மிக நல்ல விதி. அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகள் முழுவதும், வேறு பிரிவுகளுக்கு எழுந்த எதிர்ப்பால், நிறுத்திவைக்கப்பட்டன. இந்த ஒரு விதியையாவது தனியாக எடுத்து உயிர்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருத்துவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், மருந்து சொல்லும் எல்லோருக்கும் அது பொருந்த வேண்டும்.

முகப்புப் படத்துக்குக் கிடைத்த மரியாதை

அதுவரை பார்ப்பவர் என்ன செய்வது? பேச்சில் தோல்விகள் எங்கே என்று தேடலாம். யாருக்கு இது வேலை செய்யாது என்று சொல்கிறாரா? எந்த அறிகுறி வந்தால் இதை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொல்கிறாரா? ஒன்றுமே செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விதான் ஒப்பீட்டுக் குழுவை நம் கைக்குக் கொண்டுவருவது. "சின்னக் கல்லு பாதிக்கு மேல தானாவே போயிடும்" என்று தொடங்கும் ஒரு காணொளிக்குக் குறைவான பார்வைகளே இருக்கலாம். நான் அதைத்தான் நம்புவேன், பேசுபவர் சித்த மருத்துவரானாலும் சரி, சிறுநீரக அறுவை நிபுணரானாலும் சரி.

தளங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2024இல் யூடியூப் தன் படைப்பாளிகளுக்கு ஒரு வசதியைத் திறந்துவிட்டது. ஒரு காணொளிக்கு மூன்று முகப்புப் படங்கள் வரை கொடுக்கலாம். வலியில் துடிக்கும் முகம் ஒன்று, கையில் வாழைத்தண்டு ஒன்று, உள்ளங்கையில் கல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் பார்வையாளர்களை அதுவாகவே பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படத்தைக் காட்டி, இரண்டு வாரத்துக்குள் எந்தப் படம் அதிகப் பார்வை நேரத்தைத் தந்தது என்று சொல்லிவிடும். பிக்கார்ட் குழு 24 மருத்துவமனைகளில் செய்த அதே பிரிப்பு, அதே ஒப்பீடு. சிறுநீரகக் கல் காணொளி பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு, "காய்ச்சலோடு வலி வந்தால் இன்றே மருத்துவமனை" என்ற ஒரு வரியைக் காட்டி, மறுபாதிக்குக் காட்டாமல், சம்மதம் தந்தவர்களிடம் நான்கு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று ஒரு மருத்துவக் கல்லூரியின் துணையோடு கேட்பதற்கு இதைவிடப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை.